கிச்சிலிக்காய் மாமலேடு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற கிச்சிலி மரத்தை, அத்தை வரும்வரை யாரும் ஒரு மரமாக மதித்ததில்லை. முள் குத்தும் என்று பிள்ளைகள் கிட்டே போகமாட்டோம். கோழிகள் அதனடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடக்கும். பழங்கள் பழுத்துத் தானாக விழுந்து, அங்கேயே அழுகிப் போகும். அம்மா சிலவற்றை அறுத்துச் சாம்பலோடு சேர்த்துப் பாத்திரம் விளக்குவாள். கொஞ்சத்தை உப்பில் போட்டு வைப்பாள், காய்ச்சல் வந்த வாய்க்கு ஆகும் என்று. மற்றபடி அது சாப்பிடுகிற பொருள் இல்லை. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு வரும். அது போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது ஒரு கசப்பு வந்து, அன்று முழுக்க நாக்கில் குடியிருக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான கையோடு மாமாவும் அவளும் குடகுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஜவ்வாது மலையிலிருந்து அப்படிப் போகிறவர்கள் நிறைய உண்டு. சாமை அறுவடை முடிந்தால் மேஸ்திரி வேன் கொண்டுவருவார். ஏறிப் போய்விட்டுப் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ திரும்புவார்கள். மாமா காப்பிச் செடிகளுக்குள் வேலை செய்தார். அத்தையின் கைச் சுத்தத்தைப் பார்த்து அவளைத் தோட்டத்து பங்களாவின் சமையல்கட்டில் போட்டுக்கொண்டார்களாம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கலுக்கு அத்தை மட்டும் வந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. மாமா பின்னால் வருகிறார் என்றாள். பொங்கல் முடிந்தது, மாட்டுப் பொங்கல் முடிந்தது, பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. மாமாவும் வரவில்லை, அத்தையும் போகவில்லை. எனக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் இருக்கவில்லை. என் தலையை இழுக்காமல் வாரிவிட வீட்டில் ஓர் ஆள் கிடைத்திருந்தது.

அத்தையிடம் பேசுவதானால் வலது பக்கம் உட்கார்ந்து பேசவேண்டும். இடது காது அவளுக்கு மந்தமாகியிருந்தது. குடகில் குளிர் ஜாஸ்தி, அடைத்துக்கொண்டது என்று சொன்னாள். நானும் நம்பினேன். எங்கள் மலையிலும் தை மாதத்துக் குளிர் காதை அறுக்கும் என்பதால், துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். அது குளிரால் வந்தது இல்லை, மாமாவின் கையால் வந்தது என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. மாமா எப்போது வந்தாலும் எனக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வருகிறவர். அந்தக் கையை நான் வேறு விதமாக யோசித்ததே இல்லை.

அம்மாவுக்கு நாத்தனார் வந்து தங்கியதில் சந்தோஷமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஏதாவது குறையாகத்தான் இருக்கும். "ஒரு அடுப்புக்கு ரெண்டு பேரு இன்னாத்துக்கு?" என்பாள். அத்தை நகர்ந்துகொண்டால், "நகந்துக்கினா வேல ஆய்டுமா?" என்பாள். இது இப்படியே நடந்துகொண்டிருந்தது.

அத்தை எனக்கு பங்களா கதைகள் சொல்வாள். அங்கே காலையில் ரொட்டியைச் சுட்டு வெண்ணெய் தடவி, அதன் மேல் ஒரு பாட்டிலிலிருந்து எதையோ எடுத்துத் தடவித் தின்பார்களாம். அந்த பாட்டில் சன்னலோரம் இருக்குமாம். "வெயிலு அதுக்குள்ள பூந்துக்கினு, வெளிய வரத் தெரியாம நிக்கும்" என்றாள். எனக்கு அது தின்கிற பொருள் என்பதே மறந்துபோனது. அதைப் பார்க்கவேண்டும் என்று அரித்தெடுத்தேன்.

ஒரு நாள் மரத்தடியில் விழுந்த பழம் ஒன்றை எடுத்து, பந்தாகத் தட்டிக்கொண்டு வந்தேன். அத்தை அதைப் பிடுங்கி, நகத்தால் தோலைக் கீறி மோந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள்.

"இதான்டி அது. அங்க சமையல்காரம்மா இந்தக் காயத் தேடி ஆளனுப்புவாங்க. இங்க கோழி மிதிச்சிக்கினு கெடக்குது."

"இதிலியா செய்வாங்க? கசக்குமே."

"கசக்கணும். அதான் அதுக்கு ருசியே. சக்கர போட்டாக்கூட அது போவக்கூடாது."

அதன் பெயர் என்ன என்று கேட்டேன். அத்தை, "மாமலேடு" என்றாள். மார்மலேட் என்கிற இங்கிலீஷ் பேரை பங்களாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களா, அத்தையின் காதில் அப்படி விழுந்ததா, தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்தினாள். அம்மாவின் தாய்வீடு ஆந்திர எல்லையோரம்; கொஞ்சம் தெலுங்கு தெரியும்.

"இன்னா பேரு? மாமா லேதா?"

அத்தை ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். அம்மாவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். 'லேதா' என்றால் என்ன என்று நான் கேட்டேன். "இல்லியான்னு அர்த்தம்" என்று அம்மா சொன்னதும், இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது. அம்மா மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அத்தை ஒரு கூடை பழத்தைப் பறித்துக் கழுவி வைத்திருந்தாள். கையெல்லாம் முள் கீறல். உட்கார்ந்து அரிவாள்மணையில் ஒவ்வொன்றாக இரண்டாக அறுத்தாள். சாற்றைப் பிழிந்து எடுத்தாள். நான் பொறுக்கிக் கொடுத்த விதைகளையும் உள்ளே இருந்த வெள்ளைச் சதையையும் எறியாமல், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒரு மூட்டையாகக் கட்டினாள். எறிய வேண்டியதை எதற்குக் கட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அதில்தான் பிசின் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் உறையவைக்கும் என்றாள். பிறகு தோலை நறுக்க ஆரம்பித்தாள். நான் அதுவரை அப்படி நறுக்கி யாரையும் பார்த்ததில்லை. கத்தி நகர்வதே தெரியாது. தீக்குச்சியைவிட மெல்லியதாக, எல்லாம் ஒரே கனமாக, தோல் இழை இழையாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டேதான் நறுக்கினாள், ஓர் இழைகூடத் தடிக்கவில்லை. வீடு முழுக்க அந்த மணம் ஏறியது. பாத்திரம் விளக்கும்போது வருகிற அதே மணம்தான். ஆனால் அன்று அது வேறு எங்கிருந்தோ வந்ததுபோல் இருந்தது.

எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப் போட்டாள். அலுமினியக் குண்டான் ஆகாது, புளிப்பு அதைத் தின்றுவிடும் என்று சொல்லி, அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் குண்டானைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா அதைப் பரணிலிருந்து இறக்கினாள். சர்க்கரை டப்பாவையும் கூடவே இறக்கினாள். அது பண்டிகைக்கென்று ரேஷனில் வாங்கிச் சேர்த்துவைத்த சர்க்கரை. "இந்தா. கீழ எறைக்காம செய்யி" என்று இரண்டையும் சத்தம் வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் குண்டான் அடுப்பில் ஏறியது. தோல் நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை போடவேண்டும், முன்னால் போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மாமா வந்திருந்தார். கூடவே அவருடைய அம்மாவும். அவர்கள் ஊர் மலையின் மறுபக்கம், திருப்பத்தூர் இறங்குகிற வழியில்.

மாமா என்னிடம் மிக்சர் பொட்டலத்தைக் கொடுத்துக் கன்னத்தைத் தட்டினார். அவருடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்து, வந்த காரியத்தை உடனே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் திருப்பத்தூரிலிருந்து மேஸ்திரியின் வேன் தோட்டத்துக்குக் கிளம்புகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போனால்தான் தங்க வீடு கொடுப்பார்கள். ஒற்றை ஆளுக்குக் கிடையாது. மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால் வேனைப் பிடித்துவிடலாம்.

"புருஷன் பொண்டாட்டின்னா அப்பிடி இப்பிடி இருக்கத்தான் செய்யும் தம்பி. வந்து ஒரு மாசம் ஆவப்போவுது. அனுப்பி வையிங்க" என்றார்.

அப்பா நல்லவர். அதாவது, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஆட்டைக் கேட்டால் ஆட்டைக் கொடுப்பார், ஏரைக் கேட்டால் ஏரைக் கொடுப்பார். அன்றும் தலையைச் சொறிந்துகொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். அத்தையின் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்பிள்ளயே வந்துக்கிறாரு. போய்ட்டு வாம்மா. இனிமே ஒழுங்கா பாத்துக்கிறேன்னு சொல்றாரு."

அத்தை கிண்டுவதை நிறுத்தவில்லை. "அடுப்புல கீதுண்ணா. எறக்கிட்டு வர்றேன்" என்றாள்.

"எறக்கிட்டே வரட்டும்" என்றார் மாமாவின் அம்மா, கூடத்திலிருந்து. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அத்தை சர்க்கரையைக் கொட்டினாள். கலங்கலாக இருந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்து, பொன் நிறமாகி, நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. தோல் இழைகள் அதில் சுழன்று சுழன்று போவது எனக்குத் திருவிழா ராட்டினம் போல இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது குண்டானைத்தான், ஆனால் அதைப் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை. கை மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வப்போது, தண்ணீர்ப் பானை மேல் ஆறவைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பாள். சொட்டு ஓடும். மறுபடியும் கிண்டுவாள்.

பிறகு ஒரு சொட்டு ஓடவில்லை. விரலால் தள்ளியபோது ஆற வைத்த பால் ஆடைபோல மேலே சுருங்கியது. அத்தை தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். வெயில் அதற்குள் புகுந்து நின்றது. நான் அதைத் தொடக் கையை நீட்டினேன்.

"ஆய்டுச்சி அண்ணி" என்றாள் அத்தை. குரல் எனக்கே கேட்டும் கேட்காததுமாக இருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த ஜவுளிக்கடைப் பையைப் பார்த்தாள்.

சமையல்கட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குண்டானில் ஊற்றினாள்.

கொதி அடங்கிப்போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா இரண்டு விறகை எடுத்து அடுப்பில் செருகிவிட்டு, கூடத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இன்னும் ஆவல. தண்ணியா கீது. பாதியில எறக்குனா அத்தினி சக்கரயும் பாழாப் பூடும்."

அத்தை கரண்டியை எடுத்து மறுபடியும் கிண்ட ஆரம்பித்தாள்.

மறுபடி அது இறுகி வந்தது. அம்மா மறுபடி ஊற்றினாள். அம்மாவுக்கு அத்தை மேல் பொறாமை என்று எனக்குத் தோன்றிவிட்டது. தன் சர்க்கரை, தன் குண்டான், அதில் நாத்தனார் பேர் வாங்குவதா என்று கெடுக்கிறாள். நான் கூடத்துக்கு ஓடி, எல்லோர் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அது ஆய்டுச்சிப்பா. அம்மாதான் தண்ணி ஊத்தி ஊத்திக் கெடுக்குறாங்க."

மாமாவின் அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்; பிறகு சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"தண்ணி ஊத்தாம எப்பிடி வேவும்? போய் வெளாடு" என்றார். மாமாவின் பக்கம் திரும்பி, அவர்கள் ஊரில் சாமை எப்படி விளைந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார். மாமா பதில் சொன்னார். அப்பா கேழ்வரகைப் பற்றிக் கேட்டார். அப்புறம் காட்டுப்பன்றியைப் பற்றிக் கேட்டார். அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதே கிடையாது. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு அத்தையின் மாமலேட்டைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

மாமாவுக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று. எழுந்து விறுவிறுவென்று சமையல்கட்டு வாசலுக்குப் போனார். "போதும், போட்டுட்டு வாடி" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அத்தை தோளைக் குறுக்கிக்கொண்டு, இடது காதைக் கையால் மூடினாள்.

அம்மா அத்தையின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு வாசற்படிக்கு நேராக வந்து நின்றாள். கரண்டியில் கொதிக்கிற மாமலேடு இருந்தது. ஒரு சொட்டு தரையில் விழுந்து, அங்கேயும் கொப்புளித்தது.

"உள்ள வராதீங்கண்ணா" என்றாள் அம்மா. மரியாதையாகத்தான் சொன்னாள். "நெருப்பா கீது. மேல பட்டா தோலோட வந்துடும்."

மாமா கரண்டியைப் பார்த்தார். அம்மா நகரவில்லை. கரண்டி பிடித்த கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அப்போதுதான் கீழே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் போக அதை விட்டால் வேறு பஸ் இல்லை.

"டேய், வேனு பூடும்டா" என்று அவருடைய அம்மா எழுந்துகொண்டார். "நீ போ மொதல்ல. இவள அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பா அவர்களுடைய பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை ஓடினார். வழியனுப்புவதில் அவர் குறை வைக்கமாட்டார்.

அப்புறம் பார்த்துக்கொள்ள அவர்கள் வந்தார்கள்தான். ஊர்ப் பெரியவர்களோடு வந்தார்கள், சித்திரை மாதத்தில். அதற்குள் அப்பா 'இல்லை' என்று சொல்வதற்குப் பழகியிருந்தார் என்று நினைக்கிறேன். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, தாலியைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அத்தை எங்களோடு இருந்தாள். இப்போது பக்கத்திலேயே தனியாக வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். தையில் மாமலேடு காய்ச்சுகிறாள். பாட்டிலைச் சன்னலில் வைத்தால் வெயில் தெரிகிற மாதிரி, கச்சிதமான பதத்தில். அம்மா இன்னமும் சர்க்கரைக்குக் குறை சொல்கிறாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போளூர் சந்தைக்குப் போனால், போகும்போதும் வரும்போதும் சண்டைதான்.

ஆனால் அன்று காய்ச்சியது கெட்டுத்தான் போனது. தண்ணீரும் தீயும் மாறி மாறிப் பட்டதில் பிசின் செத்துவிட்டது. பஸ் போன பிறகு அதை இறக்கினார்கள். பொன் நிறம் போய், மழைக்காலத்துத் தேன் மாதிரிக் கறுத்து, கரண்டியிலிருந்து ஒழுகியது. தட்டில் விட்டால் நிற்காமல் ஓடியது. ஊறுகாய் பாட்டில்களில் ஊற்றினார்கள். ஒரு பாட்டிலைச் சன்னலில் வைத்துப் பார்த்தேன். வெயில் அதற்குள் போகவே இல்லை. நான் அம்மாவிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அம்மா அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அத்தை குண்டானை வழித்தாள். கரண்டியில் கொஞ்சம் சேர்ந்ததும் ஊதி ஆறவைத்தாள். அது எனக்குத்தான் வரப்போகிறது என்று நான் கோபத்தோடு கோபமாகத் திரும்பி உட்கார்ந்தேன். விதை பொறுக்கியது நான், காலையிலிருந்து கூடவே இருந்தது நான், அத்தைக்காக எல்லோர் முன்னாலும் நியாயம் கேட்டவளும் நான்தான்.

அத்தை என்னைத் தாண்டிப் போனாள். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கரண்டியை அவள் வாயருகே நீட்டினாள். அம்மா, "கையெல்லாம் சாம்பல், அப்பால வையி" என்றாள். அத்தை கரண்டியை எடுக்கவில்லை. அம்மா வாயைத் திறந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

"கசக்குது" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றாள் அத்தை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவ்வளவு நல்ல பண்டத்தை அப்படிப் பாழாக்கியவளுக்கு முதல் வாயை ஏன் கொடுத்தாள் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவே இல்லை.